சிறுகச் சிறுகச் சேர்த்த வெற்றி

சதுரங்கம் இந்திய மண்ணில் தோன்றிய விளையாட்டு. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படைகளைக் குறிப்பதே அதன் பெயர். இங்கிருந்து அது பாரசீகம் சென்றது. அங்கிருந்து அரபு நாடுகளுக்கும், பின்னர் ஐரோப்பாவிற்கும் பரவியது. சென்ற நாடுகளில் காய்களின் பெயர்கள் மாறின; விதிகளும் சில மாறின; விளையாட்டின் உயிர்மட்டும் மாறவில்லை. இவ்வாறு ஊர் ஊராகப் பயணம் செய்த இவ்விளையாட்டில் முதல் உலக வாகையராகப் போற்றப்படுபவரும் தம் வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராகப் பயணம் செய்தவரே. அவர் பெயர் வில்லியம் ஸ்டைனிட்ஸ். செல்வமோ செல்வாக்கோ இன்றித் தொடங்கிய அவரது வாழ்க்கை, விடாமுயற்சியின் வலிமையையும் அதற்கு அவர் கொடுத்த விலையையும் ஒருங்கே காட்டுகிறது.

பிராக் நகரின் குறுந்தெருக்கள்

இன்று செக் நாட்டின் தலைநகராக விளங்கும் பிராக், அன்று ஆஸ்திரியப் பேரரசில் அடங்கிய பொஹீமியாவின் தலைநகராக இருந்தது. அந்நகரில் 1836ஆம் ஆண்டு ஸ்டைனிட்ஸ் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வில்ஹெல்ம். பிள்ளைகள் பலர் நிறைந்த எளிய யூதக் குடும்பம் அது. அக்காலத்தில் யூத மக்கள் நகரின் ஒரு பகுதியில் நெருங்கி வாழ வேண்டியிருந்தது. குடியிருப்பிலும் தொழிலிலும் அவர்களுக்குப் பல கட்டுப்பாடுகள் இருந்தன. அக்குறுகிய தெருக்களில் செல்வத்தைவிடக் கல்விக்கே மதிப்பு மிகுதி. எனவே, சிறுவன் வில்ஹெல்ம் சமய நூல்களைக் கற்கும் மாணவனாக வளர்க்கப்பட்டான். ஒரு தொடரை எடுத்துக்கொண்டு அதன் பொருளைப் பல கோணங்களில் ஆராய்வதும், எதிர்வாதங்களைத் தானே எழுப்பி விடை காண்பதும் அக்கல்வியின் முறை.

ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் அவன் சதுரங்கம் ஆடக் கற்றான். ஆயினும், அது அன்று பொழுதுபோக்காகவே இருந்தது. சிறுவயதிலேயே பேராற்றல் காட்டி உலகை வியக்கவைத்த மேதைகள் சிலர் சதுரங்க வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் பால் மார்ஃபி அத்தகையவர். அவர் ஸ்டைனிட்சைவிட ஓராண்டு இளையவர். இருபத்தொரு வயதிலேயே ஐரோப்பாவின் பெரும் ஆட்டக்காரர்களை வென்று புகழின் உச்சியை அடைந்தார். அதே வயதில் ஸ்டைனிட்சின் பெயர் சதுரங்க உலகில் எவருக்கும் தெரியாது. அவரது வளர்ச்சி மெதுவாகத் தொடங்கிய வளர்ச்சி.

வியன்னாவில் ஓர் ஏழை மாணவர்

1857ஆம் ஆண்டு அவர் பிராக்கை விட்டு வியன்னாவிற்குச் சென்றார். அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் கணிதம் பயில்வது அவர் நோக்கம். புதிய நகரம்; கையில் பொருள் இல்லை. வியன்னாவின் காப்பி விடுதிகளில் மேசைதோறும் சதுரங்கப் பலகைகள் விரிந்திருந்தன. சிறு தொகையைப் பந்தயமாக வைத்து ஆடுவது அங்கு வழக்கம். ஸ்டைனிட்சும் அங்கு ஆடத் தொடங்கினார். ஏறத்தாழ ஈராண்டுகளில் அவரது கல்லூரிப் படிப்பு நின்றுபோயிற்று. சதுரங்கமே அவருக்குக் கல்வியாகவும் தொழிலாகவும் ஆயிற்று.

1859இல் நடைபெற்ற வியன்னா நகரப் போட்டியில் அவர் மூன்றாம் இடம் பெற்றார். அத்துடன் நிறைவு கொள்ளாமல் மீண்டும் முயன்றார். 1861இல் அதே போட்டியில் முப்பத்தோர் ஆட்டங்களில் முப்பது புள்ளிகள் பெற்று முதலிடம் அடைந்தார். அந்நாளில் அவரது ஆட்டம் மின்னல் போன்றது. காய்களைப் பலிகொடுத்து எதிராளியின் அரசன்மீது பாய்வார். அதனால் அவரை ஆஸ்திரியாவின் மார்ஃபி என்றே அழைத்தனர்.

லண்டன் மாநகரில்

1862ஆம் ஆண்டு லண்டனில் பன்னாட்டுச் சதுரங்கப் போட்டி நடைபெற்றது. ஆஸ்திரியாவின் சார்பில் அதில் கலந்துகொள்ள ஸ்டைனிட்ஸ் அனுப்பப்பட்டார். பதினால்வர் ஆடிய அப்போட்டியில் ஜெர்மனி நாட்டின் அடால்ஃப் ஆண்டர்சன் முதலிடம் பெற்றார். ஸ்டைனிட்சுக்குக் கிடைத்தது ஆறாம் இடம். தம் நகரில் முதல்வராக விளங்கிய ஒருவர், உலக அரங்கில் ஆறாமவராக நின்றார். அவர் ஊர் திரும்பவில்லை. தம்மைவிடச் சிறந்தோர் வாழும் நகரிலேயே தங்கி ஆடுவது என்று முடிவு செய்தார். தமக்கு முன்னே ஐந்தாம் இடம் பெற்றிருந்த இத்தாலிய ஆட்டக்காரர் டுபுவாவுடன் உடனே தனிப்போட்டி ஆடி வென்றார்.

லண்டன் அவருக்கு முற்றிலும் அயலான நகரம். அவர் வளர்ந்த மொழிச்சூழல் வேறு. அங்கு வழங்கிய மொழி வேறு. எனினும், அயல்மொழியான ஆங்கிலத்தைக் கற்றுத் தேர்ந்தார். பிற்காலத்தில் அம்மொழியிலேயே இதழ் நடத்தி நூல் எழுதும் அளவிற்கு அதில் புலமை பெற்றார்.

1866ஆம் ஆண்டு, நான்கு ஆண்டுகளுக்கு முன் முதலிடம் பெற்ற அதே ஆண்டர்சனுடன் ஸ்டைனிட்ஸ் தனிப்போட்டியில் மோதினார். ஆண்டர்சன் அக்காலத்தின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவர். பன்னிரண்டு ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் ஆறுக்கு ஆறு எனச் சமநிலையில் இருந்தனர். அடுத்த இரண்டு ஆட்டங்களையும் ஸ்டைனிட்ஸ் வென்றார். எட்டுக்கு ஆறு என்னும் கணக்கில் வெற்றி அவருக்கே கிடைத்தது. பதினான்கு ஆட்டங்களில் ஒன்றுகூடச் சமனாக முடியவில்லை.

தனிப்போட்டியில் கிடைத்த அப்புகழ், பலர் கலந்துகொள்ளும் போட்டிகளில் கிடைக்கவில்லை. 1867இல் பாரிசில் மூன்றாம் இடம்; அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இரண்டாம் இடம்; 1870இல் பாடன்-பாடன் நகரிலும் இரண்டாம் இடம். முதலிடம் ஒவ்வொரு முறையும் கைக்கெட்டாமல் நழுவியது. இக்காலத்தில்தான் அவர் தம் ஆட்டத்தையே கேள்விக்கு உட்படுத்தத் தொடங்கினார்.

புதிய நெறி

அக்காலத்துச் சதுரங்க வீரர்கள் எதிராளியின் அரசனை நேரே தாக்குவதையே வீரமெனக் கருதினர். சிப்பாய், குதிரை, சில வேளைகளில் அரசியைக்கூடப் பலிகொடுத்துப் பாய்வர். எதிராளி முன்வைக்கும் பலியை ஏற்காமல் விலகுவது ஆண்மைக்கு இழுக்கு என்றுகூட எண்ணினர். அத்தகைய ஆட்டங்கள் கண்ணுக்கு இனியவை. ஸ்டைனிட்சும் அவ்வழியில் வளர்ந்தவரே. ஆனால், அவர் மனத்தில் ஒரு வினா எழுந்தது. ஒரு தாக்குதல் வெல்வது, தாக்குபவரின் திறமையாலா? அல்லது காப்பவர் செய்யும் பிழையாலா?

ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இருபுறமும் நிலைமை சமமாக இருக்கும்போது தொடுக்கப்படும் தாக்குதல், சரியான தற்காப்பின்முன் தோற்கும். முதலில் தம் நிலையில் ஏதேனும் ஒரு மேம்பாடு இருத்தல் வேண்டும். அதன் பின்னரே தாக்குதல் பயன்தரும். அம்மேம்பாடு ஒரே நகர்வில் கிடைப்பதன்று. எதிராளியின் ஒரு சிப்பாய் துணையின்றித் தனித்து நிற்கலாம். நம் குதிரை எவராலும் விரட்ட முடியாத ஒரு கட்டத்தில் அமரலாம். நம் அமைச்சர் இருவரும் உயிருடன் இருக்க, எதிராளி ஓர் அமைச்சரை இழந்திருக்கலாம். இவை ஒவ்வொன்றும் மிகச் சிறியவை. உண்டியலில் நாள்தோறும் இடும் சில்லறைக் காசு போன்றவை. ஒரு காசால் எதனையும் வாங்க இயலாது. ஆயினும், காசுகள் சேர்ந்துகொண்டே வந்தால் ஒருநாள் உண்டியல் நிறையும். அந்நாளில் தாக்கினால் வெற்றி உறுதி. சிறு மேம்பாடுகளைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பதே ஸ்டைனிட்ஸ் கண்ட நெறி.

சிறு துளி பெருவெள்ளம் என்பது தமிழர் நன்கறிந்த பழமொழி. அவ்வுண்மையைச் சதுரங்கப் பலகையில் மெய்ப்பித்துக் காட்ட அவர் முனைந்தார். 1873ஆம் ஆண்டு வியன்னாவில் நடைபெற்ற பன்னாட்டுப் போட்டியில் புதிய நெறியைக் கையாண்டார். தொடக்கத்தில் அவர் ஆட்டம் தடுமாறியது. பின்னர் இறுதிப் பதினான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று, பிளாக்பர்ன் என்னும் ஆங்கில வீரருடன் சமநிலை அடைந்தார். முதலிடத்தை முடிவு செய்ய நடந்த இரண்டு ஆட்டங்களிலும் வென்றார். பதினொன்று ஆண்டுகளுக்கு முன் ஏழை ஆட்டக்காரராக விட்டுச் சென்ற அதே நகரில், பன்னாட்டு வீரர்களிடையே முதல்வராக நின்றார். மூன்றாண்டுகளுக்குப் பின் பிளாக்பர்னுடன் ஆடிய தனிப்போட்டியில் ஏழு ஆட்டங்களில் ஏழினையும் வென்றார். 1873 முதல் 1882 வரையிலான காலத்தில் முதல்தரப் போட்டிகளில் தொடர்ச்சியாக இருபத்தைந்து ஆட்டங்களை அவர் வென்றது பெருஞ்சாதனை.

இத்துணை வெற்றிக்குப் பின்னும் அவரது நெறியைப் பலர் ஏற்கவில்லை. பதுங்கிப் பதுங்கி ஆடுவது கோழையின் ஆட்டம் என்று சிலர் ஏளனம் செய்தனர். லண்டன் இதழ் ஒன்றில் சதுரங்கப் பகுதியை எழுதிவந்த ஸ்டைனிட்ஸ், ஆட்டங்களை நகர்வு நகர்வாக அலசி, தம் கருத்தை விளக்கிக்கொண்டே இருந்தார். எழுத்துப் போர் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அவர் சினம் மிக்கவர். சொல்லில் கடுமை உண்டு. அதனால் பகைவர்களும் பெருகினர்.

ஒன்றுக்கு நான்கு

அவரது நெறிக்கு எதிராக நின்றவர்களுள் முதன்மையானவர் ஜோகன்னஸ் சுக்கர்டோர்ட். ஸ்டைனிட்சைவிட ஆறு வயது இளையவர். தாக்குதல் ஆட்டத்தில் வல்லவர். ஸ்டைனிட்சைப் போலவே பிறந்த மண்ணைவிட்டு லண்டனில் குடியேறியவர். 1872இல் நடந்த தனிப்போட்டியில் ஸ்டைனிட்சிடம் அவர் எளிதில் தோற்றார். ஆனால், 1883ஆம் ஆண்டு லண்டன் பன்னாட்டுப் போட்டியில் மூன்று புள்ளிகள் முந்தி முதலிடம் பெற்றார். ஸ்டைனிட்ஸ் இரண்டாம் இடம் பெற்றார். உலகின் முதல் வீரர் யார் என்னும் வினா எங்கும் எழுந்தது.

அதே ஆண்டு ஸ்டைனிட்ஸ் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் குடியேறினார். மீண்டும் ஒரு புதிய நாடு. மீண்டும் ஒரு புதிய தொடக்கம். 1885இல் அங்குப் பன்னாட்டுச் சதுரங்க இதழ் ஒன்றைத் தொடங்கினார். இறுதியில் இருவரும் நேருக்கு நேர் மோதுவது உறுதியாயிற்று. முதலில் பத்து ஆட்டங்களை வெல்பவரே உலக வாகையர் என்பது உடன்பாடு. சமனாக முடியும் ஆட்டங்கள் கணக்கில் சேரா. நியூயார்க், செயின்ட் லூயிஸ், நியூ ஆர்லியன்ஸ் ஆகிய மூன்று நகரங்களில் ஆட்டங்கள் நடைபெற வேண்டும் என முடிவாயிற்று.

1886ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் நியூயார்க்கில் போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தை ஸ்டைனிட்ஸ் வென்றார். இரண்டாம் ஆட்டத்தில் தோற்றார். மூன்றாம் ஆட்டத்திலும் தோற்றார். நான்காம் ஆட்டமும் ஐந்தாம் ஆட்டமும் அவ்வாறே முடிந்தன. ஒன்றுக்கு நான்கு. சுக்கர்டோர்ட் வெல்ல வேண்டியவை இன்னும் ஆறு ஆட்டங்கள். ஸ்டைனிட்ஸ் வெல்ல வேண்டியவையோ இன்னும் ஒன்பது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. தோற்பது அவர் ஒருவர் மட்டும் அல்லர். பதின்மூன்று ஆண்டுகளாக அவர் எழுதியும் ஆடியும் நிலைநாட்ட முயன்ற நெறியும் அவருடன் தோற்றுவிடும் நிலை.

நான்கு ஆட்டங்களின் இழப்பை ஒரே ஆட்டத்தில் மீட்க இயலாது. ஓர் ஆட்டத்திற்கு ஒரு வெற்றிதான். பலகையில் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும் என்று பிறருக்குக் கூறிய பாடத்தை, இப்போது ஆட்டங்களின் கணக்கிலும் அவர் நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் ஆறாம் ஆட்டத்தை வென்றார். ஏழாம் ஆட்டத்தையும் வென்றார். எட்டாம் ஆட்டம் சமனாக முடிந்தது. ஒன்பதாம் ஆட்டத்தை வென்றபோது கணக்கு நான்குக்கு நான்கு ஆயிற்று.

எஞ்சிய ஆட்டங்கள் நியூ ஆர்லியன்சில் நடந்தன. அது இரண்டாண்டுகளுக்கு முன் மறைந்த பால் மார்ஃபி பிறந்த ஊர். அங்கு ஆடப்பட்ட பதினோர் ஆட்டங்களில் ஆறினை ஸ்டைனிட்ஸ் வென்றார். நான்கு ஆட்டங்கள் சமனாக முடிந்தன. சுக்கர்டோர்ட் ஒன்றே ஒன்றை வென்றார். மார்ச் 29ஆம் நாள் இருபதாம் ஆட்டத்துடன் போட்டி நிறைவுற்றது. பத்துக்கு ஐந்து என்னும் கணக்கில் ஸ்டைனிட்ஸ் முதல் உலக வாகையர் ஆனார். நான்கு தொடர் தோல்விகளுக்குப் பின் ஆடிய பதினைந்து ஆட்டங்களில் அவர் இழந்தது ஒன்று மட்டுமே.

பட்டமும் துன்பமும்

1888ஆம் ஆண்டு ஸ்டைனிட்ஸ் அமெரிக்கக் குடிமகன் ஆனார். வில்ஹெல்ம் என்னும் தம் பெயரை வில்லியம் என மாற்றிக்கொண்டார். 1889ஆம் ஆண்டு தம் நெறிகளைத் தொகுத்துச் சதுரங்கப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். கியூபா நாட்டின் ஹவானா நகரில் ரஷ்ய வீரர் சிகோரினை இருமுறை வென்றார். இடையே நியூயார்க்கில் கன்ஸ்பெர்க் என்பவரை வென்றார். இவ்வாறு மூன்று முறை தம் பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

விடாமுயற்சிக்கும் பிடிவாதத்திற்கும் இடையே உள்ள கோடு மெல்லியது. ஸ்டைனிட்ஸ் சிலபோது அக்கோட்டைத் தாண்டினார். தாம் சரியெனக் கருதிய தொடக்க நகர்வுகளைப் பிறர் குறைகூறினால், அவற்றை உலகப் போட்டியிலேயே ஆடிக் காட்டுவார். அதனால் சில ஆட்டங்களை இழக்கவும் செய்தார். ஆயினும், தாம் எழுதியதைத் தாமே ஆடி மெய்ப்பிக்க வேண்டும் என்னும் நேர்மை அப்பிடிவாதத்திற்குள் இருந்தது.

புகழ் வந்த அளவிற்குப் பொருள் வரவில்லை. சதுரங்கத்தால் ஒரு குடும்பம் பிழைப்பது அந்நாளில் அரிது. அவர் நடத்திய இதழ் 1891இல் நின்றது. துயரங்களும் தொடர்ந்தன. 1888இல் இளம்வயது மகளை இழந்தார். 1892இல் மனைவியும் மறைந்தார்.

1894ஆம் ஆண்டு, இருபத்தைந்து வயது இளைஞரான இமானுவேல் லாஸ்கர் அவரைப் போட்டிக்கு அழைத்தார். நியூயார்க், பிலடெல்பியா, மான்ட்ரியல் நகரங்களில் நடந்த அப்போட்டியில் பத்துக்கு ஐந்து எனத் தோற்று, ஸ்டைனிட்ஸ் பட்டத்தை இழந்தார். அப்போட்டியின்போது அவர் ஐம்பத்தெட்டு வயதை எட்டியிருந்தார்.

இறுதி நாள்கள்

பட்டம் போயிற்று, முயற்சி போகவில்லை. 1895இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் ஐந்தாம் இடம் பெற்றார். அப்போட்டியில் பார்டெலெபன் என்பவருக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டம் சதுரங்க வரலாற்றின் அழகிய ஆட்டங்களுள் ஒன்றாக இன்றும் கற்பிக்கப்படுகிறது. சிறு மேம்பாடுகளைச் சேர்த்துச் சேர்த்து, உரிய நேரம் வந்ததும் இளமைக்கால வேகத்துடன் அவர் பாய்ந்த ஆட்டம் அது. அதனையடுத்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நால்வர் ஆடிய போட்டியில் லாஸ்கருக்கு அடுத்த இடத்தைப் பெற்றார்.

பட்டத்தை மீட்க 1896ஆம் ஆண்டு இறுதியில் மாஸ்கோவில் லாஸ்கருடன் மீண்டும் மோதினார். இம்முறை பத்துக்கு இரண்டு எனப் பெருந்தோல்வி அடைந்தார். அவரது உடலும் மனமும் தளர்ந்தன. மாஸ்கோவிலேயே சில வாரங்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. நலம் பெற்றபின் மீண்டும் பலகையின்முன் அமர்ந்தார். 1898இல் வியன்னாவில் நடந்த பெரும்போட்டியில் நான்காம் இடம் பெற்றார். தாம் ஏழை மாணவராக ஆடத் தொடங்கிய அந்நகரில் அறுபத்திரண்டு வயதிலும் முன்னணியில் நின்றார். 1899இல் லண்டனில் ஆடியதே அவரது இறுதிப் போட்டி. பல்லாண்டுகளில் முதன்முறையாகப் பரிசு ஏதுமின்றித் திரும்பினார்.

1900ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் நியூயார்க்கில் மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். இரண்டாம் மனைவியையும் சிறு பிள்ளைகள் இருவரையும் வறுமையில் விட்டுச் சென்றார். புரூக்ளின் பகுதியில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

நிலைத்த செல்வம்

விடாது முயன்றவருக்குச் செல்வம் தானே வந்து சேரும் என்று சொல்வது எளிது. ஸ்டைனிட்சின் வாழ்க்கை அவ்வாறு அமையவில்லை. எளிய நிலையில் பிறந்த அவர் வறியவராகவே மறைந்தார். அவர் ஈட்டிய செல்வம் வேறு வகையானது. அவரை வென்ற லாஸ்கரே தாம் எழுதிய சதுரங்க நூலில் அவரது நெறியை விரிவாக விளக்கிப் போற்றினார். கோழையின் ஆட்டம் என ஏளனம் செய்யப்பட்ட நெறி, பின்வந்த வாகையர் அனைவருக்கும் அடிப்படைப் பாடமாயிற்று. இன்று சதுரங்கம் பயிலும் சிறுவர், தனித்து நிற்கும் சிப்பாயின் வலுவின்மையைப் பற்றியும் குதிரைக்குரிய நல்ல கட்டத்தைப் பற்றியும் கற்கும்போது, பெயரறியாமலே ஸ்டைனிட்சிடம் பாடம் கேட்கின்றனர்.

ஸ்டைனிட்ஸ் தொடங்கிவைத்த உலக வாகையர் வரிசையில் பதினைந்தாமவர் விசுவநாதன் ஆனந்த். மயிலாடுதுறையில் பிறந்து, தாயிடம் சதுரங்கம் கற்ற அவர், தந்தையின் பணி காரணமாகச் சிறுவயதில் சில காலம் பிலிப்பைன்சின் மணிலா நகரில் வாழ்ந்தவர். அவ்வரிசையில் பதினெட்டாமவர் சென்னையின் குகேஷ். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் பட்டம் வென்றபோது அவருக்கு வயது பதினெட்டு. இந்தியாவிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிய சதுரங்கம், இவ்வாறு மீண்டும் இம்மண்ணுக்கு வந்து சேர்ந்தது.

திருவள்ளுவர் முயற்சியின் சிறப்பை உணர்த்த ஆள்வினையுடைமை என ஓர் அதிகாரமே வகுத்தார். துன்பத்தில் கலங்காமையை உணர்த்த இடுக்கணழியாமை என மற்றோர் அதிகாரத்தை அதனை அடுத்தே வைத்தார். முயற்சி செய்வோருக்குத் துன்பம் வரும் என்பதை அறிந்தே அவ்விரண்டையும் அருகருகே வைத்தார் போலும். குறளை அறியாத நாட்டில் பிறந்த ஸ்டைனிட்சின் வாழ்வு, அவ்விரு அதிகாரங்களுக்கும் ஏற்ற சான்றாக விளங்குகிறது. பிறந்தது ஓர் ஊர். பயின்றது ஓர் ஊர். பிழைத்தது ஓர் ஊர். மறைந்தது ஓர் ஊர். எவ்வூரிலும் அவருடன் சென்றவை ஒரு சதுரங்கப் பலகையும், அடுத்த ஆட்டத்தை ஆடிப்பார்க்கும் உள்ளமும் ஆகும்.

அருஞ்சொற்பொருள்

வாகையர் – வெற்றி பெற்றவர்
சதுரங்கம் – நால்வகைப் படை. அதன் பெயரால் அமைந்த விளையாட்டு
பலிகொடுத்தல் – பெரும்பயன் கருதி ஒரு காயை இழத்தல்
மேம்பாடு – உயர்வு, சாதகமான நிலை
நெறி – வழி, முறை
மெய்ப்பித்தல் – உண்மையென நிலைநாட்டுதல்
ஆள்வினை – முயற்சி
இடுக்கண் – துன்பம்

பயிற்சி

1. வியன்னாவில் 1859, 1861 ஆகிய ஆண்டுகளில் ஸ்டைனிட்ஸ் பெற்ற இடங்கள் யாவை?
2. ஒரு தாக்குதல் எப்போது பயன்தரும் என்று ஸ்டைனிட்ஸ் கண்டறிந்தார்?
3. உண்டியலில் இடும் காசு எதற்கு உவமையாகக் கூறப்பட்டுள்ளது? விளக்குக.
4. 1886ஆம் ஆண்டுப் போட்டியில் ஒன்றுக்கு நான்கு என்னும் நிலை எவ்வாறு மாறியது? மூன்று நகரங்களின் பெயர்களைக் குறிப்பிட்டு எழுதுக.
5. விடாமுயற்சிக்கும் பிடிவாதத்திற்கும் உள்ள வேறுபாட்டை உம் அனுபவத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் எழுதுக.
6. உம் குடும்பத்தில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சென்று புதிதாகத் தொடங்கியவர் ஒருவரிடம் பேசி, அவர் கற்றுக்கொண்டவற்றைப் பத்து வரிகளில் தமிழில் எழுதி வருக.